நாக்கில் வைக்காத பால்

ஒரு கரண்டிப் பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, வாய் கொப்பளிப்பது. முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். அளந்து ஊற்றியதும் கொழுப்புப் பார்த்ததும் உண்டுதான். அதையெல்லாம் இப்போது மெஷின் பார்த்துக்கொள்கிறது. குழாயைப் பாலில் விட்டால் ஒரு நிமிடத்தில் எண்கள் வந்து நிற்கின்றன. பால் கசக்கிறதா என்று மட்டும் அந்த மெஷின் சொல்வதில்லை.

சங்கத்துப் பேரவைக் கூட்டத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். இப்போதைய செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். “பாய், ஆளாளுக்கு மாட்டுக்கு மூலிகைப் பொடி வாங்கிப் போடறாங்க. செல்போன்ல வாரதெல்லாம் போடறாங்க. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க.”

நான் எட்டாவது வரை படித்தவன். எதைப் போடலாம் என்பதை மாட்டு டாக்டர் எழுத வேண்டும். ஒரு கைப்பிடிப் பொடியால் என் வீட்டிலும் சங்கத்திலும் என்ன ஆயிற்று என்பதை நான் எழுதலாம். என் இறைவன் அறிந்ததைத்தான் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். அத்தா சந்தை சந்தையாகப் போய் மூக்கணாங்கயிறும் கழுத்துச் சலங்கையும் விற்றவர். கயிறு வாங்க வந்த நாச்சிமுத்து ஐயா என்னைப் பார்த்து, “உம் பையன் பொடி, பீடி எதாச்சும் போடுவானா?” என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், “அப்ப பால் சங்கத்துக்கு அனுப்பு” என்றார். அவர்தான் அப்போது சங்கத்துச் செயலாளர். கேன் கழுவுவதில் தொடங்கி, மூன்றாம் வருடம் பால் பரிசோதிக்கும் இடத்துக்கு வந்தேன்.

ஐயா குரல் உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைக்கிற நேரம் நீள நீள நமக்குப் பயம் கூடும். பாலில் ஏதாவது குறை என்றால் யாரையும் திட்ட மாட்டார். மூன்றே கேள்வி கேட்பார். “மாடு என்ன தின்னுச்சு? எப்பத் தின்னுச்சு? ஆரு போட்டது?” பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குப் போவதற்குள் விஷயம் வெளியே வந்துவிடும்.

வேலையை அவர் எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரே காலையில். கேன் மூடியைத் திறந்ததும் முகத்தைக் கொண்டுபோய் முதல் மூச்சிலேயே வாசம் பார்க்க வேண்டும். “ரெண்டாவது மூச்சுல மூக்கு பழகிப் போயிரும் காதரு. அதுக்கப்பறம் அது பொய் சொல்லும்.” பிறகு பாலை மேலும் கீழுமாக ஏழு முறை கலக்கி, நடுவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஸ்டவ்வில் வைக்க வேண்டும். பச்சைப் பாலை வாயில் வைக்க விட மாட்டார். காய்ந்து ஆறி விரல் பொறுக்கும்போது நாக்கில் விட்டு, மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும்.

“இனிப்பு மொதல்ல வரும். உப்பு அடுத்தாப்புல வரும். கசப்பு கடைசீல வரும். அவசரக்காரனுக்குக் கசப்பு தெரியாது.”

துப்பி, கொப்பளித்து, பதிவேட்டில் எழுத வேண்டும். கேன் எண்ணுக்கு நேராக வாசம், ருசி என்று இரண்டு கட்டம். சரியாக இருந்தால் டிக். அன்றைக்கு அவர் கடைசியாகச் சொன்னது: “பாக்காம எழுதாதே. பாக்கலீன்னா பாக்கலீன்னு எழுது. அதுக்கும் கட்டத்துல எடம் இருக்குது.”

இந்த வேலைக்காகவே அவர் வெற்றிலை போடுவதை விட்டவர். “ரிட்டயர் ஆன அன்னிக்குக் கவுளி வெத்தலை வாங்கி ஒக்காந்தே திங்கப் போறேன்” என்பார்.

எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் விளையும் பூமி. ஒரு அறுவடைக் காலத்தில் விலை போகாத வெங்காயத்தை ஓர் உறுப்பினர் கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டிவிட்டார். மறுநாள் அவர் பாத்திர மூடியைத் திறந்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். ஐயா சிரிக்காமல் கேட்டார். “ஏனுங் மாமா, பாலோட தோசையும் ஊத்திக் குடுத்துட்டீங்களாட்டம் இருக்குது?” அவரும் விடவில்லை. “சட்னி நாளைக்குக் கொண்டாறேன் மாப்ள.”

அன்றைக்கு ஐயா எல்லோருக்குமாகச் சொன்னதை இன்றைக்கும் எங்கள் உறுப்பினர்கள் சொல்லுவார்கள். வாசம் உள்ள தழை, வெங்காயம், பூண்டு எதுவானாலும் பால் கறந்த பிறகு போடு. அடுத்த கறவைக்குள் வாசம் மாட்டின் உடம்பிலிருந்து போய்விடும். நான் அதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். வாசத்துக்குச் சொன்ன சட்டம் கசப்புக்குச் செல்லாது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டிலும் அந்தச் சட்டத்தைத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இனி பாவாயி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிக் லாரியில் போர்வெல் போடும் வேலைக்கு வடக்கே போய்விட்ட அவர் வீட்டுக்காரர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். இரண்டு கறவை மாடுகளும் ஒரு கைப்பிடி நிலமும் அக்காவின் பொறுப்பு. ஒரு சமயம் அவர் பால் நீர்த்து வந்தது. பால்மானியை விட்டால் அடியில் போய் முட்டியது. தண்ணீர் கலக்கிறார் என்று பேச்சு வந்தது. “தண்ணிக்காரி” என்று பட்டப்பெயரும் வந்தது.

ஐயா யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு நாள் விடியற்காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவின் தொழுவத்துக்குப் போனார். எதிரிலேயே கறக்கச் சொல்லிப் பால்மானியைப் போட்டார். அப்போதும் அதே அடி. தண்ணீர் கலக்கவில்லை. மாடு தின்றதெல்லாம் சேகோ ஃபேக்டரித் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபிறகு மிஞ்சும் சக்கை. அதோடு வைக்கோல். வேறொன்றும் இல்லை.

“வயிறு ரொம்புது, ஒடம்புக்குச் சத்துப் போகல” என்றார் ஐயா. கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, அகத்தியும் வேலிமசால் தீவனமும் வேலியோரத்தில், முருங்கை இலையை நிழலில் உலர்த்தி, வெந்தயமும் சீரகமும் தண்ணீர்விட்டான் கிழங்கும் சேர்த்து இடித்த பொடி தினம் ஒரு கை. மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த அந்தக் கணக்கை ஐயா என்னை அக்காவுக்குப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு மாதத்தில் பால்மானி மேலே ஏறியது. பாலுக்குக் கனம் வந்தது. மற்ற வீடுகளிலும் அந்தப் பொடியை இடிக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டிலும் என் மனைவி ஜைத்தூன் இடித்தாள். எங்களுக்கும் ஒரு மாடு உண்டு, அதன் பாலும் சங்கத்துக்குத்தான் வரும்.

பாவாயி அக்காவின் பால் கனத்தது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

நோன்பு மாதம் வந்தால் ருசி பார்க்கும் வேலையை ஐயாவே செய்வார். நான் கேட்டதில்லை. முதல் வருடமே, “நீ வாசத்தப் பாரு, நாக்கு வேலைய நான் பாத்துக்கறேன்” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அப்படியே பல வருடம் போயிற்று. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு நோன்பு மாதத்தில் அவருக்குக் கண் ஆபரேஷன். சேலத்தில் மகள் வீட்டில் போய்த் தங்கினார். போகும்போது சொன்னார். “காதரு, ருசி பாக்க ஆரையாச்சும் வெச்சுக்கோ. தலைவருகிட்டச் சொல்லு.”

நான் சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். வேறு யாருக்கும் என் நாக்கு வராது என்ற கர்வம் ஒன்று. முதல் மூச்சு போதும், கெட்ட பாலை என் மூக்கு விடாது என்ற நம்பிக்கை ஒன்று. நோன்பாளி என்று எல்லோரும் மரியாதையாகப் பார்க்கும்போது, எனக்காக ஓர் ஆள் வேண்டும் என்று கேட்கக் கூச்சம். வாசம் பார்த்தேன், டிக் போட்டேன். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. அதிலும் டிக் போட்டேன். முதல் நாள் கை கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. காலையில் மூன்றாவது கேன் நிறைய ஒரு சாண் குறைவாக இருக்கும்போது மூடிவைத்து, எழுதியும் விட்டேன். அப்போது பாவாயி அக்கா மூச்சிரைக்க வந்தார். கன்றுக்குட்டி கயிறு அறுத்துக்கொண்டு ஓடியதாம். அவர் பாலையும் வாசம் மட்டும் பார்த்து அந்தக் கேனிலேயே ஊற்றி நிரப்பி, வண்டியில் ஏற்றினேன்.

பத்தரை மணிக்குப் பால் வண்டி திரும்பி வந்தது. டிரைவர் அந்தக் கேனைத் தனியாக இறக்கி வைத்தார். “பாய், குளிரூட்டற எடத்துல வேண்டாம்னுட்டாங்க. கசக்குதாம்.”

ஒரு கரண்டி எடுத்து மூக்குக்கு நேரே வைத்தேன். நல்ல வாசம். டிரைவர் தன் விரலால் பாலைத் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

சாயங்காலம் நிர்வாகக் குழுவினர் கூடிவிட்டார்கள். பால் ஊற்ற வந்தவர்களும் நின்றார்கள். அந்தக் கேனில் ஊற்றியவர்கள் ஏழு வீடு. என் வீடும் அதில் ஒன்று. தலைவர் பதிவேட்டைப் பிரித்தார். “பாய் ருசி பாத்து டிக் போட்டிருக்காரு. பாத்தப்ப நல்லாத்தான் இருந்திருக்குது. பாய் நாக்குக்குத் தப்புமா? அதுக்கப்பறம் கடைசீல ஊத்துனது ஆரு?”

எல்லோரும் திரும்பிப் பாவாயி அக்காவைப் பார்த்தார்கள்.

“நா என்னத்தங்க பண்ணுனேன்?” என்றார் அக்கா. “எப்பவும் போடற பொடிதானுங்க. இவங்கதான் படிச்சுச் சொன்னாங்க.” என்னைக் கை காட்டினார்.

“அன்னிக்குத் தண்ணி, இன்னிக்கு என்னத்தக் கலந்தியோ” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“தண்ணி ஊத்துனன்னு எவன் பாத்தான்? நேரா வந்து சொல்லச் சொல்லுங்க.”

“அட, உடு அம்மணி” என்றார் தலைவர். “பாய் சொல்லட்டும். ஏனுங் பாய், நீங்க பாத்தப்பக் கசந்துச்சுங்களா?”

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒரு சொல்தான். பார்க்கவில்லை. நான் சொன்னது, “வாசம் நல்லாத்தானுங்க இருந்துச்சு.” பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

நாளையிலிருந்து பாவாயி பால் ஊற்ற வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஐயா வந்தபிறகு உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். எங்கள் ஊரில் வேறு பால் எடுப்பவர் கிடையாது. சங்கம் வாங்காத பாலை அடுத்த ஊரிலும் வாங்க மாட்டார்கள். மாட்டை வைத்திருக்கவும் முடியாது, விற்றால் வாங்குகிறவன் காரணம் கேட்பான். அது தெரிந்துதான் எல்லோரும் கலைந்து போனார்கள். எனக்கும் தெரியும்.

அன்றைக்கு நோன்பு திறக்கும்போது கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டேன். ஜைத்தூன் கேட்டாள். “ஏங்க, என்ன ஆச்சு?”

“ஒரு கேன் திரும்பி வந்துருச்சு. கசப்புன்னு.”

“அல்லாஹ்வே. யாரு வீட்டுப் பாலோ, பாவம்” என்று சொல்லி டீயை ஊற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் எங்கள் மாட்டில் கறந்த பாலில் போட்ட டீ. நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை எல்லாக் கேனும் குளிரூட்டும் நிலையத்தில் இறங்கின. வெள்ளிக்கிழமையும் இறங்கின. அந்த இரண்டு நாளும் ருசிக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். “பாத்தீங்களா, பாவாயி ஊத்தலே, பால் நல்லா இருக்குது” என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அக்கா ஏதாவது செய்துதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டால் என் மனது லேசானது.

அந்த வெள்ளிக்கிழமை, வரிசை கலைந்தபிறகு பாவாயி அக்கா தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே வைத்து மூடியைத் திறந்தார்.

“பாய், இத நீங்களே நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா நா ரெண்டு மாட்டையும் ஓட்டிக் குடுத்துட்டுப் போயர்றேன்.”

“நோம்புங்கக்கா” என்றேன்.

“செரிங்க.” மூடியைப் போட்டார். நாலடி நடந்தவர் நின்றார். திரும்பி வந்தார். பேச்சைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்பறம் பொதங்கெழம எப்படிங்க பாத்தீங்க?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

அன்று மதியம் ஜும்ஆ தொழுகையில் என் உடம்புதான் நின்றது. தொழுகை முடிந்து எல்லோரும் போனபிறகு இமாமிடம் போனேன். ஹஜ்ரத் என்று நாங்கள் கூப்பிடும் அவர் வயதில் என்னைவிடச் சின்னவர், தென் மாவட்டத்துக்காரர். முழுவதும் சொன்னேன். அவர் தொழுகைப் பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டார்.

“பாய், சமைக்கிறவங்க உப்பு பார்க்கிறதுக்கு நாக்கு நுனியில வச்சுத் துப்பலாம்னு உங்களுக்குத் தெரியாதா? தேவை இருந்தா அது நோன்பை முறிக்காது. தொண்டைக்குள்ள போகக்கூடாது, அவ்வளவுதான். பார்க்கிறதுக்கு வேற ஆள் இருந்தா நீங்க பார்க்க வேண்டாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே.”

“கேக்கலீங்க ஹஜ்ரத்.”

“அது போகட்டும். பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதினீங்களே, அதுக்கு என்கிட்ட வழி கேட்காதீங்க. வழி உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் வந்திருக்கீங்க.”

சனிக்கிழமை காலையில் சங்கத்துக்கு முதலில் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். கிண்ணங்களைக் கழுவி வரிசையாக வைத்தேன். முந்தின நாளே பாவாயி அக்காவையும் பாலோடு வரச் சொல்லி, தலைவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். உறுப்பினர்கள் வந்து நின்றார்கள். பிஸ்மில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பேசினேன்.

“பொதங்கெழம நான் ருசி பாக்கலீங்க. அதுக்கு முன்னாடி எட்டு நாளும் பாக்கலீங்க. பாத்ததா எழுதிப்போட்டேன். மூணாவது கேன் பாவாயக்கா வாரதுக்கு முன்னாடி கசந்துச்சா, இல்லியான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு அந்த ஏழு ஊட்டுப் பாலையும் எல்லாரு முன்னாடியும் பாக்கறேன்.”

முதல் கிண்ணத்தை ஸ்டவ்வில் வைத்தேன்.

முதலில் பாவாயி அக்காவின் பால். நாக்கில் விட்டு ஐந்து எண்ணினேன். இனிப்பு. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணினேன். அப்போதும் இனிப்பு. துப்பிக் கொப்பளித்து, “நல்ல பாலுங்க” என்றேன். அடுத்தது தலைவர் வீட்டுப் பால். நல்லது. அடுத்து இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. ஆறு வீடும் முடிந்தது. கடைசியில் ஜைத்தூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

ஒரு பேச்சுக்காக வைத்துப் பார்த்தது போலத்தான் அந்தப் பாலை நாக்கில் விட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது இனிப்பு வந்தது. நான்கில் அது போயிற்று. ஐந்தில் நாக்கின் அடியிலிருந்து கசப்பு ஏறியது. காய்ச்சலுக்குக் குடிக்கும் கஷாயத்தின் கசப்பு.

அந்தக் கணத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அத்தனை பேர் நின்றார்கள். அந்தக் கசப்பு என் ஒருவன் வாயில் மட்டும் இருந்தது. துப்பிவிட்டு “நல்ல பால்” என்று சொன்னால் எவருக்கும் தெரியாது. ஜைத்தூன் முகத்தைப் பார்த்தேன். எதுவும் அறியாமல் பாத்திரத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். துப்பினேன். கொப்பளித்தேன். இரண்டு முறை கொப்பளித்தும் கசப்பு போகவில்லை.

“எங்க ஊட்டுப் பாலுங்க” என்றேன். “இதுதான் கசக்குது.”

ஜைத்தூன் கை நின்றது.

“மாட்டுக்கு என்னம்மா போட்ட?” என்று கேட்டேன்.

“எப்பவும் போடற பொடிதாங்க...” என்றாள். பிறகு மெல்ல, “அதோட அண்ணன் குடுத்த நிலவேம்பு ஒரு கை. மாடு சரியாத் திங்கலேன்னு சொன்னதுக்கு, அது பசி எடுக்க வைக்கும்னு குடுத்துச்சு. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் போடச் சொல்லுச்சு. கறந்த பிறகுதாங்க போட்டேன். நீங்க சொன்ன மாதிரியேதாங்க போட்டேன்” என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவள் அண்ணன் சேலத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். மனிதனுக்குக் கொடுக்கும் மருந்தை மாட்டுக்கும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார். முதல் தடவை போட்டது அந்தச் செவ்வாய் சாயங்காலம். புதன் காலைப் பால் கசந்தது. இரண்டாவது தடவை வெள்ளி சாயங்காலம். இதோ சனிக்கிழமை காலை. நடுவில் நல்ல பால். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் பகலில் யாரும் பால் குடிப்பதில்லை. அதனால் காலைப் பால் முழுவதும் சங்கத்துக்கு வந்துவிடும். சாயங்காலப் பாலைத்தான் நோன்பு திறக்கவும், விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் வைத்துக்கொள்வோம். கசந்த பாலை வீட்டில் யாரும் நாக்கில் வைக்கவில்லை. வைக்க வேண்டிய சம்பளக்காரன் நானும் வைக்கவில்லை.

தலைவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “போச்சாது உடுங்க பாய். நோம்பு நேரம். தெரியாம நடந்தது. பேசி முடிச்சுக்கலாம்.”

பாவாயி அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. “எனக்கு ஒரு மூச்சுல முடிச்சீங்க. பாய்க்குப் பேசி முடிப்பீங்களாட்டம்?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏனுங் பாய், இதை அன்னிக்கே நாக்குல வெச்சிருந்தீங்கன்னா, இந்த மூணு நாளு நா ஊருக்குள்ள தலையக் குனிஞ்சு நடந்திருக்க மாட்டனுங்களே.”

“ஆமாங்கக்கா” என்றேன். எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், “கேட்டுட்டீங்க, செரி” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் பாலை அன்றைக்கு முதலாவதாக ஊற்றி, என் வீட்டுப் பாலை நானே வேப்பமரத்தடியில் கொட்டினேன். நோன்புப் பெருநாள் முடியும்வரை எங்கள் பாலைச் சங்கம் எடுக்க வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஐயா கண்ணில் பச்சைத் துணியோடு வந்தார். நடந்ததை யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். கண்ணாடி இல்லாததால் துடைக்கவும் வழி இல்லை. வெறும் விரலால் வேட்டி நுனியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பதிவேட்டை என் முன்னால் தள்ளினார்.

“அந்த ஒம்பது நாளையும் எடு. ருசிக் கட்டத்துல டிக்கை அடிச்சுப்போட்டுப் பாக்கலீன்னு எழுது. ஒவ்வொரு கேனுக்கும்.”

எழுதினேன். நாளுக்கு ஐந்து, ஆறு கேன். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

“நோம்புக் கணக்க நீயும் உன் சாமியும் பாத்துக்குங்க. இது சங்கத்துக் கணக்கு” என்றார். “இனி கொஞ்ச நாளைக்கு உன் நாக்க ஊரு நம்பாது. நம்பற வரைக்கும் பொறுத்துக்கோ, காதரு.” என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றியதுண்டு.

எந்தப் பொடி நல்லது என்று கேட்கிறீர்கள். அக்காவின் முருங்கைப் பொடியும் நல்லதுதான், நிலவேம்பும் அதனதன் இடத்தில் நல்லதுதான். புதிதாக எதைப் போட்டாலும் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். போட்ட மறுநாள் காலைப் பாலையும் சாயங்காலப் பாலையும் காய்ச்சி, ஊருக்கு ஊற்றும் முன் உங்கள் வீட்டில் யாராவது நாக்கில் வைத்து ஐந்து எண்ணுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எங்கள் மார்க்கத்தில் எதைச் சாப்பிட்டாலும், இறைவா, இதைவிட நல்லதைக் கொடு என்று கேட்போம். பால் குடித்தால் மட்டும் அப்படிக் கேட்பதில்லை. இதையே இன்னும் கொடு என்று கேட்போம். அதைவிட நல்லது இல்லை என்பதால். அப்படிப்பட்ட பொருளின் எதிரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நாள் தவறினேன்.

அடுத்த வருடம் நோன்பு முதல் நாள். ஐயாவுக்குக் கண் தேறிவிட்டது, கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் பாவாயி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

“செக்ரட்டரி அய்யா வெத்தலைக்கு ஆசப்பட்டுட்டுக் கெடக்கறாரு. நோம்பு மாசத்துக்கு நாக்கு நா தாரேனுங்க” என்றார். “ஆனா மொதல்ல பாய் ஊட்டுப் பால்.”

வரிசையே சிரித்தது. ஜைத்தூனும் சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்பு மாதமும் அக்காதான் பார்த்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின நோன்பு வரை ஒரு வருடமும் தவறவில்லை. முதல் கிண்ணம் எப்போதும் என் வீட்டுப் பால்தான், அதிலும் மாற்றம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் விடுவார். உதடு அசையாமல் எண்ணுவார். ஐந்தோடு நிறுத்த மாட்டார், எட்டு வரை போவார் என்று எனக்குத் தெரியும். அந்த எட்டு எண்ணும் நேரம் நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டத்தில் எதுவும் எழுதாமல் காத்திருப்பேன். அவர் துப்பி, கொப்பளித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொல்வார்.

“இனிக்குது பாய். இப்ப எழுதுங்க.”